முதலாளி திறந்த மெயில்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

எங்கள் வரிக்கணக்கு ஆபீஸில் ஒரு சின்ன ரகளை. பயப்பட ஒன்றுமில்லை. புது வாடிக்கையாளர் மாதிரி எவனோ மெயில் அனுப்பினான். நான் தடுத்தும் கேட்காமல் முதலாளி அதைத் திறந்து, அதில் கேட்ட ஆபீஸ் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டார். அதை வைத்து உள்ளே புகுந்து, எங்கள் வாடிக்கையாளர்களுக்குத் திரும்ப வரவேண்டிய வரிப்பணத்தை அந்தத் திருடர்கள் சுருட்டிவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர், சலவைக்கடையில் துணி தேய்க்கும் அக்கா, அழுதுகொண்டே வந்தார். "அந்தப் பணத்துலதான் பல்லு கட்டலாம்னு இருந்தேன்" என்றார். முதலாளி கூசாமல் என்னைக் கைகாட்டினார். "இந்தப் பொண்ணு பண்ண வேலைம்மா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "திறந்தது நீங்க! மத்தவங்களுக்கும் இப்பவே சொல்லுங்க, இல்லன்னா நான் சொல்வேன்" என்று கத்தினேன்.

"சொன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

அவர் கண்ணெதிரிலேயே வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். வேலை போய்விட்டது. வேறு கிடைக்கும். ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை.

அப்பா, வரி ஆபீஸ் என்று எவன் கேட்டாலும் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள். சந்தேகம் வந்தால் உடனே எனக்கு போன் பண்ணுங்கள். வராவிட்டாலும் பண்ணுங்கள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்