நாலு தரம் வலது பக்கம்

அகமதாபாத்
14.8.2007

அன்புள்ள அப்பாவுக்கு, இளவரசி வணக்கத்தோட எழுதுறது. இருமல் நின்னுச்சா? ஆபீசுக்குக் கடலூர் போற பஸ்ல உக்கார எடம் கெடைக்குதா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

போன ஞாயித்துக்கெழம ஒரு கூத்து. பயப்படாதீங்க, சிரிக்கத்தான் எழுதுறேன். கட்டடக்கலைப் பாடத்துக்காகப் பழைய நகரத்துத் தெருவை வரையத் தனியா போனேன். வழி கேக்க இந்தி வரல. சிதம்பரத்துப் பொண்ணாச்சே, நாலு தரம் வலது பக்கம் திரும்பினா கெளம்பின எடத்துக்கே வந்துடலாம்னு தைரியமா நடந்தேன். நாலாவது திருப்பத்துல தெரு முடிஞ்சு, யாரோ வீட்டு முத்தத்துல நிக்கிறேன்! பாத்திரம் தேச்சுட்டிருந்த அம்மா கோவிச்சுக்கல. தண்ணி குடுத்து, சமையக்கட்டு வழியா கூட்டிட்டுப் போய்ப் பின்கதவத் தொறந்தாங்க. வெளிய வேற தெரு! வெளியாள் திணறணும், உள்ளூர்க்காரங்க தப்பிக்கணும்னே கட்டின ஊராம், மறுநாள் வகுப்புல சொன்னாங்க. மலைச்சுப் போய்ட்டேன்ப்பா.

நம்ம ஊரும் அப்பத்தான் புரிஞ்சுது. தேர் திரும்பணும்னு அத்தனை அகலமா வீதி போட்டு, எங்க போனாலும் திரும்பி வர்ற மாதிரி வச்சிருக்காங்க. பதினெட்டு வருஷம் அதுலயே நடந்தும் எனக்குத் தெரியல.

அதை வரையப் போறேன். சாயங்காலம் நாலு வீதியும் சுத்துவீங்களே, எத்தனை எட்டு வைக்கிறீங்கன்னு எண்ணி எழுதுங்க. அம்மாவ எள்ளுப்பொடி அனுப்பச் சொல்லுங்க. தபால் எடுக்க ஆள் வந்தாச்சு, முடிக்கிறேன்.

உங்கள் இளவரசி

நம்ம வீட்டு வாசல்லேருந்து எண்ணுங்கப்பா. அத்தனை எட்டும் நானும் இங்க நடந்து பாக்குறேன். வாசல் மட்டும் வராது.