ஃபிரிட்ஜ் தூக்கப் போனவருக்கு

அன்புள்ள இஞ்சேருங்கோவுக்கு,

முப்பது வருடம் உங்களை இப்படித்தானே கூப்பிட்டேன், கடிதத்தில் மட்டும் பெயர் எழுத எனக்கு வராது. நாளைக் காலை எனக்கு இதய ஆபரேஷன். பயப்படாதீர்கள், நானே பயப்படவில்லை.

மாசியில் எனக்கும் வந்தது, உங்களுக்கு வந்த அதே மாரடைப்பு. இதயத் தசை பழுதாகி வால்வு சரியாக மூடுவதில்லை. மெட்ரோப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

நெஞ்செலும்பை வாளால் அறுப்பார்கள் என்றதும் நீங்கள் ஆபரேஷனே வேண்டாமென்று ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்துவிட்டீர்களே, எனக்கு அது இல்லை. வலப்பக்க விலா எலும்புகளுக்கிடையில் ஒரு விரல் நீளம் வெட்டி, கமராவை விட்டு வால்வைத் தைப்பார்களாம். டொக்டர் பேனையால் கோடு கீறிக் காட்டினார். மீன் வெட்டும்போது என் கையில் விழுந்த காயம் அதைவிடப் பெரிது.

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். "ஒருத்தருக்கும் சொல்லாதையப்பா. நெஞ்சு வருத்தக்காரன் எண்டு தெரிஞ்சால் ஒண்டுக்கும் கூப்பிடமாட்டினம்" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஜூலை முதலாம் திகதி, மொன்றியல் நகரமே வீடு மாறுகிற நாளில், உங்கள் தம்பி சேகர் ஃபிரிட்ஜ் தூக்கக் கூப்பிட்டார். "ஓம், வாறன்" என்றீர்கள். மூன்றாம் மாடிக்குப் போகும் வெளிப்படிக்கட்டில் பாதிவழியில் உட்கார்ந்தவர், எழும்பவே இல்லை. எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம்தான். என் மேலும்.

போன கிழமை சேகர் ஃபோன் எடுத்தார். புரோசார்டில் வீடு வாங்கிவிட்டாராம்.

"அண்ணி, முதலாம் திகதி வீடு மாறுறம். இருபது பேருக்குப் பிட்டும் இறைச்சிக்கறியும் செய்து தருவீங்களோ?"

"ஓம்" என்றேன். ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது, நீங்கள் சொன்ன அதே ஓம்.

ஃபோனைத் திருப்பி எடுத்து அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், என்னுடையதையும் உங்களுடையதையும். சேகர் அழுதார். "அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், அண்ணையை அந்தப் படியில கால் வைக்க விட்டிருப்பனோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வி உங்களுக்கும்தான்.

கடைசியில், "வீடு பிறகும் மாறலாம் அண்ணி. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவன்" என்றார். காலை ஆறு மணிக்கு வருவார்.

நான் வீடு திரும்புவேன், சந்தேகமே வேண்டாம். சேகர் சாமான் ஏற்றும் அன்று கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன். தூக்க வருகிற ஒவ்வொருவரையும் மறித்து, "நெஞ்சில ஏதும் வருத்தம் இருக்கோ? ஒளிக்காமல் சொல்லுங்கோ" என்று கேட்டுத்தான் மேலே விடுவேன். இது சத்தியம். இதை மீறமாட்டேன்.

உங்கள் சொல்லை ஒரே ஒருமுறை தட்டிய மனைவி,
புஷ்பம்