கீழறைச் சத்தம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் நின்றதா? கீழறையில் நான் வைத்துவிட்டு வந்த அதிர்வுப் பெட்டி நன்றாக வேலை செய்கிறது; அது பதிவதெல்லாம் இங்கே என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடுகிறது. உலகத்தின் மறுபக்கம் நிலம் நடுங்கினால், அந்த அலை பூமியின் நடுக்கருவைத் துளைத்துக்கொண்டு நம் வீட்டுப் பாறைக்கு வருகிறது. நடுக்கரு எப்படி இருக்கிறது என்பதை அந்த அலைதான் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் செருப்புச் சத்தம் அதற்கு மேல் ஏறிவிடுகிறது. கொஞ்சம் மெதுவாக நடங்களேன்!

உங்கள் வாலு


பிப்ரவரி 14

அடி வாலு,

என் வீட்டில் நான் பூனை மாதிரி நடக்க வேண்டுமாம். நல்ல கூத்து! சரி, செருப்பைக் கழற்றிவிட்டேன், வெறுங்காலோடு திரிகிறேன். லேத் பட்டறை என் காதைத் தின்றுவிட்டது, போன் அடித்தாலும் தெரிவதில்லை. உன் பெட்டி இருப்பது ஒரு விதத்தில் தைரியம்தான். எனக்கு ஏதாவது ஆனால் தரையை மும்மூன்றாகத் தட்டுகிறேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்காவிட்டாலும் உனக்குக் கேட்குமே. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் மேல் கோபமா? அதற்காகப் புதன்கிழமை பகலும் இரவும் அப்படியா தரையை இடிப்பது? அலமாரி ஏதாவது செய்கிறீர்களா? அன்றைக்குப் பார்த்துத்தான், வருடக்கணக்காக நான் காத்திருந்த பெரிய அலை வந்தது. நல்லவேளை, வீட்டுச் சத்தத்தைத் தானாக வெட்டி எறிய ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். உங்கள் இடி அத்தனையையும் அது வழித்து எறிந்துவிட்டது; எத்தனை மணி நேரச் சத்தத்தை வெட்டியது என்ற கணக்கு மட்டும்தான் எனக்கு வந்தது. அலை துடைத்துவிட்ட மாதிரி வந்திருக்கிறது! இங்கே எல்லோரும் கை குலுக்கினார்கள். எனக்கு உங்களிடம் சொன்னால்தான் மனசு நிறையும்.

உங்கள் வாலு


ஏப்ரல் 9

தங்கைக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் படித்தேன். அலமாரி செய்யவில்லை. உன் பெட்டிப் பக்கம் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்க இறங்கினேன். ஈரப் படி, வெறுங்கால். விழுந்ததில் இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது.

பெட்டியின் பச்சை விளக்கு என் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. டார்ச் லைட்டால் மும்மூன்றாகத் தட்டினேன். "இதோ கேட்டுட்டா, இப்ப ஆள் அனுப்பிடுவா" என்று சொல்லிச் சொல்லித் தட்டினேன். மறுநாள் பால்காரர் சந்தேகப்பட்டுக் கதவை உடைத்தார்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். ஆனாலும் மனது விட்டுப்போயிற்று. நான் இனி நடக்க மாட்டேன் என்கிறார் டாக்டர். வீட்டுக்கும் திரும்பப் போவதில்லை. சாவி பால்காரரிடம் இருக்கிறது.

நீ வர வேண்டாம். பெட்டி அங்கேயே இருக்கட்டும். இனிச் சத்தம் இருக்காது.

அண்ணன்