சாமி இல்லாத மாடம்

என் ஆத்தாளுக்கு,

நான் சொல்லச் சொல்ல ஒங்கம்மா எழுதுறா. நீ கல்யாணம் வச்சிருக்கிற இங்கிலாந்து யார்க் நகரத்துத் தேவாலயத்தைப் போட்டோவுல இன்னைக்குத்தான் பார்த்தேன். அறுநூறு வருசச் சுவராம், மாடத்துல ஒரு சிலைகூட இல்லை! சிலையைக் கும்புடக் கூடாதுன்னு எல்லாத்தையும் அந்தக் காலத்துலேயே அவங்களே எடுத்துட்டாங்களாமே.

“அங்கே எந்தச் சாமியைப் பார்த்துக் கும்புடுறது, வரமாட்டேன்”னு ஆவணி ஏழாம் தேதி, அங்கே சிலை இல்லைன்னு நீ சொன்னதும் போன்ல கத்தினேன். ஆவுடையார்கோவில்ல மட்டும் என்ன இருக்கு? லிங்கமே இல்லாத வெறும் பீடத்துக்குச் சுடுசோத்து ஆவியைப் படைக்கிறாங்க, அறுபது வருசமா அதைத்தானே கும்புடுறேன்!

“இதைத்தானே ஒங்க மக அன்னைக்கே சொன்னா”ன்னு எழுதுறவ சிரிக்கிறா.

பாஸ்போர்ட்டுக்கு நாளைக்கே கைநாட்டு வைக்கிறேன். ஒன் கையைப் புடிச்சுக் குடுக்க வேற யாரையும் கேட்டிருந்தா, வேண்டாம்னு சொல்லிடு ஆத்தா. நான் வாரேன்.

இப்பவே பொட்டி தேடுற
ஒன் அப்பா