கொடிமேடு அளந்த வருடம்

2024 ஜனவரி 9, பூப்பாறை

சர்வே மெஷினுக்குப் புது பேட்டரி வந்துவிட்டது. போடிமெட்டுக்குக் கீழே கேரளப் பக்கம் உள்ள ஏலத்தோட்டத்தை இனி அளக்க வேண்டும். அதன் மேற்குச் சரிவில் பன்னிரண்டு ஏக்கர் கொடிமேடு. பதினெட்டு வீடுகள். ஒன்று சிலுவைராஜ் மாமாவுடையது. அம்மாவின் அண்ணன்.

சொந்தக்காரர் இருக்கிறார் என்று ஹெட் சர்வேயர் ஆனந்தகுமாரிடம் சொன்னேன். கோவை எல்லையை ஒட்டிய வடகரப்பதிக்காரர். "ஏனுங்க டின்சி, வேற ஆளுக்கு நான் எங்க போறதுங்க? சொந்தம்னு ஃபைல்ல எழுதி வெச்சிருங்க. மெஷினுக்கு மாமன் மச்சான் தெரியாதுங்க" என்றார்.

எழுதி வைத்தேன்.

ஜனவரி 17

கொடிமேட்டின் கதையை இங்கே ஒரு முறை எழுதிவிடுகிறேன். ஆபீஸ் காகிதத்தில் அதற்கு இடமில்லை.

1947. தோட்டம் வெள்ளைக்காரத் துரையிடம் இருந்தது. தோட்டத்து ஆட்கள் ஏன் எதிர்த்துக் கிளம்பினார்கள் என்று கேட்டால் அம்மா பெரிய வார்த்தை எதுவும் சொல்வதில்லை. எடை போடும்போது கங்காணி எடைக்கல் தட்டில் விரல் வைப்பான். பிள்ளை பெற்றவள் ஆறாம் நாள் மலை ஏற வேண்டும். துரை பங்களாவைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் பதினைந்தன்று துரை லீவு தரவில்லை. தாத்தா மரியசூசையும் இருபது பேரும் அந்தச் சரிவில் ஏறி, மூங்கிலில் கொடி கட்டினார்கள். சுதந்திரம் வந்தால் உழைத்தவனுக்கே நிலம் என்று போடிச் சந்தையில் யாரோ சொல்லியிருந்தார்கள். நம்பினார்கள். இறங்கி வராமல் அங்கேயே குடிசை போட்டு மரவள்ளி நட்டார்கள்.

அக்டோபரில் போலீஸ் வந்தது. சுதந்திர நாட்டுப் போலீஸ். தாத்தாவுக்குப் பதினொரு மாதம் ஜெயில். மாமா பிறந்தபோது அவர் உள்ளே. பெண்கள் மட்டும் சரிவை விட்டு நகரவில்லை. ஐந்து வருடத்தில் துரை தோட்டத்தை நம் நாட்டுக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார். பங்களா, கங்காணி, எடைத்தட்டு எல்லாம் அப்படியே கைமாறின.

பிப்ரவரி 2

கொடிமேட்டில் முதல் நாள். மேனேஜர் ஜோபி ஜீப்பில் வந்தார். மரியாதையான மனிதர். "மேடம், கம்பெனி எல்லாருக்கும் சம்மதப் பத்திரம் கொடுக்குது. ஆயுசு முழுக்க அவங்க இங்கயே தாமசிக்கலாம். நிலம் கம்பெனியுடையதுன்னு ஒரு ஒப்பு மட்டும் போதும்" என்றார்.

பதினெட்டில் பதினாறு வீடுகள் கையெழுத்துப் போட்டாயிற்று. மாமாவும்.

ஏன் மாமா என்றேன். பால் விடாத கட்டன்சாயாவை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏட்டி, எனக்கு எழுவத்தாறு ஆவுது. எங்கய்யா ஜெயிலுக்குப் போயி என்னத்தக் கண்டாரு? எனக்குக் கூரை வேணும். கதை வேண்டாம்."

சாயாவைக் குடித்துவிட்டு மெஷினைத் தூக்கினேன்.

பிப்ரவரி 20

மூடுபனி. வேலை நடக்கவில்லை.

மார்ச் 6

1911ஆம் வருடக் குத்தகை வரைபடத்தின் நகல் கிடைத்தது. மேற்கு எல்லை ஓடை என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. கொடிமேடு ஓடைக்கு அந்தப் பக்கம். மூன்று முறை அளந்தேன். ஓடையின் இந்தக் கரையில் புதரை வெட்டிப் பார்த்ததில் எல்லைக் கல் இரண்டு கிடைத்தன. துரை காலத்துத் தோட்டத்தின் எழுத்து கொத்திய பழைய கற்கள்.

அப்படியென்றால் அந்த மேடு துரைக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை. தனக்கில்லாத நிலத்திலிருந்துதான் இறங்கச் சொல்லிப் போலீஸை வரவழைத்திருக்கிறார். இல்லாத நிலத்தைத்தான் விற்றும் இருக்கிறார். இத்தனை வருடம் ஒருவரும் வரைபடத்தைக் கேட்கவில்லை.

ஆனால் கம்பெனி நிலம் இல்லை என்பதால் மாமா நிலம் ஆகிவிடாது. சர்க்கார் நிலம். நாளைக்கு வனத்துறையும் கேட்கலாம். மாமா கையில் இருக்கும் சம்மதப் பத்திரம் வெறும் காகிதம்.

மார்ச் 7

ஓடை இடம் மாறிவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும், கொடிமேடு கம்பெனி நிலமாகிவிடும். யாரும் கேட்கப் போவதில்லை. ஜோபிக்கும் நல்லது, மாமாவும் நிம்மதியாக இருப்பார்.

— இதை ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 11

சர்க்கார் நிலம் என்று பதிந்தேன். ரிமார்க்ஸில் '1947 முதல் பதினெட்டுக் குடும்பங்கள் கைவசம்' என்று எழுதி, வீடு வீடாகப் பெயர் சேர்த்தேன். பெண்கள் பெயரும்.

ஆனந்தகுமார் படித்துப் பார்த்தார். "இத்தனை பேரு எதுக்குங்க? குடியிருப்புன்னு ஒரு வார்த்தை போதுங்களே."

"அந்த ஒரு வார்த்தைக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது சார்."

கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

கோயிலில் மாமா என்னைப் பார்க்கவில்லை. பூசை முடிந்து வாசலில் எல்லோரும் நிற்கும்போது சத்தமாகச் சொன்னார். "வெள்ளக்காரன் தொரை நெலம்னான். அவன் போயி கம்பெனி நெலம்னாக. இப்ப என் தங்கச்சி மக வந்து சர்க்காரு நெலம்னு எழுதிட்டா. எங்க பேரு எந்தக் காயிதத்துலதாம்ட்டி வரும்?"

"ரிமார்க்ஸ்ல வந்திருக்கு மாமா."

"அந்த எடம் எம்புட்டுப் பெருசு?"

விரலால் காட்டினேன். திரும்பி நடந்துவிட்டார்.

அம்மா சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் என்ன செஞ்சிருக்கணும்? என்னதான் செஞ்சிருக்கணும்?

ஜூலை 18

கம்பெனி கொடுத்த ஆட்சேபத்தின் மேல் ஹியரிங். பதினெட்டுக் குடும்பங்களுக்கும் பெயர் போட்ட நோட்டீஸ் போயிருந்தது. மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். அதிகாரிக்குத் தமிழ் அரைகுறை. என்னை மலையாளத்தில் சொல்லச் சொன்னார். உறவைச் சொன்னேன், பரவாயில்லை, வேறு ஆள் இல்லை என்றார்.

எப்படி இங்கே வந்தீர்கள்?

"எங்கய்யா அந்த மேட்டுல கொடி கட்டுனாரு. எறக்கச் சொன்னாக, எறக்கல. அவரப் புடிச்சிட்டுப் போனாக. எங்கம்மா வயித்துல நான். அவளும் எறங்கல."

நிலம் கம்பெனியுடையது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே?

மாமா தரையைப் பார்த்தார். ஜோபியும் எங்கேயோ பார்த்தார்.

"பயந்து போட்டேன்."

அதை நான் மொழிபெயர்க்கும் முன்பே அதிகாரி எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 30

உத்தரவு வந்தது. கம்பெனியின் ஆட்சேபம் தள்ளுபடி. குடும்பங்கள் பட்டாவுக்குப் போட்ட விண்ணப்பங்கள் முடிவாகும்வரை கொடிமேட்டிலிருந்து யாரையும் இறக்கக் கூடாது. வனத்துறையின் ஆட்சேபம் நிலுவையில் இருக்கிறது. எத்தனை வருடம் ஆகுமோ. வெற்றி என்று சொல்ல முடியாது.

மாமாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

அம்மாவை அழைத்துக்கொண்டு கொடிமேட்டுக்குப் போனேன். மாமா வீட்டு முன்னால் சிமெண்ட் மூட்டைகள். இத்தனை காலமும் அங்கே மண்சுவரும் தகரமும்தான். சிமெண்டைக் கண்டால் கம்பெனி வாச்சர் வந்துவிடுவான். வீட்டை ஒட்டி ஒரு அறைக்கு அஸ்திவார வானம் தோண்டியிருந்தது. மாமா முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வா சந்தனமேரி" என்றார் அம்மாவிடம். கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "ஏட்டி, இதப் புடி. கோணாமப் புடிக்கணும்."

பிடித்துக்கொண்டு நின்றேன். அனுமதி யாரிடம் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.