மஞ்சள் தோட்டா

மார்கழி, செவ்வாய் இரவு.

இரும்புச் சாமான்களுக்கு வண்ணப் பொடி தூவி அடுப்பில் சுட்டெடுக்கும் பவுடர் கோட்டிங் பட்டறையில் எனக்கு வேலை. அங்கே எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் மகன் இன்று வந்தான். கொண்டுவந்த பையில், வீட்டிலேயே உருக்கி வார்த்த ஈயத் தோட்டாக்கள். அப்படியே சுட்டால் துப்பாக்கிக் குழலுக்குள் ஈயம் ஒட்டுகிறதாம். மேலே பவுடர் ஏற்றித் தர வேண்டுமாம்.

"எல்லாம் பன்னிக்குத்தாண்ணே" என்று முதலாளியிடம் சொன்னான். என் பக்கம் திரும்பி, "ஏலே, கருப்பு அடி" என்றான்.

போன அறுவடையின்போது, வயலில் இறங்கிய காட்டுப்பன்றிக்கு யாரோ சுட்ட குண்டுதான் சித்தப்பாவின் முழங்காலில் பாய்ந்தது. எல்லார் குண்டும் ஒரே ஈயம்தான், எவன் சுட்டதென்று எப்படிக் கண்டுபிடிக்க என்று ஸ்டேஷனில் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

"கருப்பு தீந்துபோச்சு. மஞ்சதான் இருக்கு" என்றேன். கருப்புப் பவுடர் டப்பாவின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

"பன்னி கலரா பாக்கப் போகுது? அடிலே" என்று சிரித்தான்.

அடுப்பிலிருந்து எடுத்தபோது எலுமிச்சம்பழம் மாதிரி மின்னின. இனி இந்த வட்டாரத்தில் மஞ்சள் தோட்டா அவனுடையது மட்டும்தான். பஸ்ஸில் அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அய்யா மண்வெட்டியோடு தண்ணீர் கட்டக் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்கள் வயல் அவன் வயலை ஒட்டி இருக்கிறது. மஞ்சள் நிறம், குண்டு பட்ட பிறகுதானே யாரென்று சொல்லும்? இருட்டில் ஆளென்று தெரிய வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள் என்றேன்.

"சேத்துல எறங்குறவன் வெள்ளச் சட்ட போடுவானாடா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இன்னும் வரவில்லை. காதை வயல் பக்கமே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.