ஸ்டேக்கு என்ன அர்த்தம், அண்ணே?

என் ஆசை அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் உனக்குச் சிலை வந்துவிட்டது. கண்டோன்மென்ட்டில் நம் ஜனங்களின் லைன் வீடுகள் இருந்த இடத்திலேயே உன் கட்சிக்காரர்கள் வைக்கப்போகிறார்கள். 'இருந்த' என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? வக்கீல் கண்ணுக்கு அது தப்பாதே.

சுதந்திரம் வந்த புதிதில், அந்த வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நிலத்துக்காரர் கேஸ் போட்டார். காசு வாங்காமல் நீ வாதாடினாய், அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். கோர்ட்டிலிருந்து வந்து "ஸ்டே கெடச்சிருச்சு!" என்று நீ சொன்னதும் லைனே மேளம் வைத்து ஆடியது. கன்னியம்மா அன்றைக்கே லைனில் தன் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். ஸ்டே என்றால் வீடு சொந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம்.

சாப்பிடும்போது நீதானே என்னிடம் சொன்னாய்? "காலி பண்ணக்கூடாதுன்னு இப்போதைக்கு ஒரு தடைதான் பாப்பா இது. கேஸ் அப்படியேதான் இருக்கு."

"அத அவங்ககிட்ட சொல்லேண்ணே."

"சந்தோஷமா இருக்காங்க, விடு. எலெக்‌ஷன் முடியட்டும்."

முடிந்தது. அவர்கள் ஓட்டில் ஜெயித்தாய். கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுக் கதர் போட்டாய். மேடை மேடையாக ஏழைகள் உரிமை பேசினாய். கேஸ் கட்டு யாரோ ஒரு ஜூனியர் கைக்குப் போனது. கடைசியில் கோர்ட்டில் கூப்பிட்ட அன்று நம் பக்கம் நிற்க ஆளே இல்லை, கேஸ் தோற்று ஸ்டேயும் போய்விட்டது. அதையாவது அவர்களிடம் சொன்னாயா? நான் கேட்டபோதெல்லாம் "பாத்துக்கலாம் பாப்பா" என்றாய். பார்த்துக்கொள்ள நீ எங்கே இருக்கிறாய் இப்போது?

போன வாரம் நான் லைனில் இருந்தபோது கோர்ட் அமீனா லாரியும் ஆட்களுமாக வீடுகளைக் காலி செய்ய வந்தான். கன்னியம்மா வாசலில் குறுக்கே நின்று, "ஸ்டே இருக்கு சாமி! எங்க லாயரய்யா வாங்கிக் குடுத்திருக்காரு!" என்று கத்தினாள். அவன் சிரித்துவிட்டான். "அது யாவாக்லோ ஹோய்த்தம்மா" என்றான் கன்னடத்தில். எப்போதோ போய்விட்டதாம். அவள் என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லும்மா, ஸ்டே இருக்குதானே?" என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனேன்.

உன்னை நினைத்தால் அழுகை வரும் முன்னே ஆத்திரம் வருகிறது. கன்னியம்மா இப்போது லிங்கராஜபுரத்தில் தம்பி வீட்டு அடுப்படியில் படுத்துக் கிடக்கிறாள்.

சிலைக்குக் கீழே 'ஏழைகளுக்கு வீடு பெற்றுத் தந்தவர்' என்று பொறித்திருக்கிறார்கள். திறப்பு விழாவில் கூடப்பிறந்தவள் என்று என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்கிறார்கள். பேசுகிறேன். கன்னியம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஸ்டே என்றால் என்ன என்று மைக்கில் சொல்லப்போகிறேன். நீ சொல்லியிருக்க வேண்டியதுதான் அது. அதைக் கேட்ட பிறகும் மனசு வந்தால், முதல் மாலையை அவள் போடட்டும். அவள் போட்டால்தான் நானும் போடுவேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் கூடப்பிறந்த பாப்பா